யான் வான்சினா: வாய்ச்சொல்லை வரலாற்றுச் சான்றாக்கியவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுத்து இல்லாத மக்களின் வரலாற்றை எழுத முடியுமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் நான் யான் வான்சினாவின் பெயரைச் சொல்வது வழக்கம். உடனே வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். கேட்டவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு, பள்ளி ஆசிரியர்கள் உண்டு, தங்கள் குடும்பக் கதையை எழுதிவைக்க நினைக்கும் பெரியவர்களும் உண்டு. தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. யாருங்க இந்த வான்சினா? பெயரே கேள்விப்பட்டதில்லையே?

பெல்ஜியத்தில் பிறந்து, காங்கோவிலும் ருவாண்டாவிலும் களப்பணி செய்து, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பாடம் நடத்திய வரலாற்றாய்வாளர். 1929 செப்டம்பர் 14 அன்று ஆண்ட்வெர்ப்பில் பிறந்தார். 2017 பிப்ரவரி 8 அன்று மேடிசன் நகரில் 87ஆம் வயதில் காலமானார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஆப்பிரிக்க வரலாறு என்று ஒரு துறையே பல்கலைக்கழகங்களில் கிடையாது என்று சொல்லிவிடலாம். அந்தத் துறையை உருவாக்கிய முதல் தலைமுறையில் அவர் ஒருவர். வாய்வழியாக வந்த செய்தியை எப்படிச் சோதித்துச் சான்றாக ஏற்பது என்று ஒரு முறையை வகுத்து 1961இல் பிரெஞ்சில் புத்தகமாக வெளியிட்டார். 1965இல் அது ஆங்கிலத்தில் வந்தது. இன்றைக்கு வாய்மொழி மரபு பற்றி எழுதுகிறவர்கள் அவரை ஏற்கலாம், மறுக்கலாம். கண்டுகொள்ளாமல் தாண்டிப் போக முடியாது.

2. அவர் படித்தது ஐரோப்பாவின் இடைக்கால வரலாறாமே? அப்புறம் எப்படி ஆப்பிரிக்காவுக்குப் போனார்?

வேலை தேடித்தான். லூவென் பல்கலைக்கழகத்தில் இடைக்கால வரலாறு படித்தார். பழைய லத்தீன் இரங்கற்பாக்களை எடுத்துவைத்து, எது மூலம், எது பின்னால் சேர்ந்தது, யார் யாருக்காகப் பாடியது என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சி அங்கே கிடைத்தது. பெல்ஜியம் தன் காலனியான காங்கோவில் மத்திய ஆப்பிரிக்க ஆய்வுக்காக 1947இல் ஒரு அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. அங்கே 1952இல் மானிடவியல் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

அதாவது அவரை அனுப்பியவர்கள் வரலாறு எழுத அனுப்பவில்லை. காங்கோவின் குபா என்ற மக்களின் இன்றைய வாழ்க்கையைப் பார்த்து எழுது என்றுதான் அனுப்பினார்கள். ஆனால் போனவர் அடிப்படையில் வரலாற்று மாணவர், அதிலும் பாட்டுகளைச் சான்றாகப் படிக்கத் தெரிந்தவர். அது எப்படிக் கைகொடுத்தது என்பது 5ஆம் கேள்வியில் வரும்.

3. ஆப்பிரிக்காவுக்கு வரலாறே இல்லை என்று பெரிய பேராசிரியர்களே சொன்னார்களாமே, நிஜமா?

நிஜம்தான். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் 1963இல் ஆற்றிய உரையில், ஆப்பிரிக்காவில் இருப்பது ஐரோப்பியர்களின் வரலாறு மட்டும்தான், மற்றதெல்லாம் பெரும்பாலும் இருள் என்ற பொருளில் பேசினார். அது தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பானது. அவர் அப்படிப் பேசுவதற்கு மூன்று வருடம் முன்பே, 1960இல், ஆப்பிரிக்க வரலாற்றுக்கென்று ஒரு ஆய்விதழ் லண்டன் ஆய்வாளர்கள் இருவரால் தொடங்கப்பட்டுவிட்டது. 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்ற வருடமும் அதுதான்.

இன்னொன்று. ஆப்பிரிக்கா முழுக்க எழுத்தில்லாத கண்டம் என்று நினைப்பதும் தவறு. எத்தியோப்பியாவில் கீஸ் மொழிச் சுவடிகள் உண்டு. மாலி நாட்டின் திம்புக்டுவில் அரபு ஏடுகள் குவிந்து கிடக்கின்றன. எழுத்து எட்டாத பகுதிகளை என்ன செய்வது என்பதே வான்சினா எடுத்துக்கொண்ட கேள்வி.

4. குபா மக்கள் யார்? அவர்களிடம் அப்படி என்ன விசேஷம்?

இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் நடுப்பகுதியில், கசாய், சங்குரு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் இருந்த அரசு குபா. பல குழுக்கள் சேர்ந்த அரசு அது; அரச குலம் புஷோங் குழுவைச் சேர்ந்தது. தலைநகர் முஷெங்கே. ராஃபியா பனை நாரில் ஆண்கள் நெய்த துணியில் பெண்கள் வெல்வெட் போன்ற பூவேலை செய்வார்கள். உலக அருங்காட்சியகங்களில் குபா துணி என்று மாட்டிவைத்திருப்பது இதைத்தான்.

அவர்களின் மரபில் பெரிய பெயர் ஷ்யாம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டதாகக் கருதப்படும் அரசன். சோளம், மரவள்ளி, புகையிலை, நெசவு என்று எதைக் கேட்டாலும் ஷ்யாம் கொண்டுவந்தது என்பார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவருடைய மரச்சிற்பம் ஒன்று இருக்கிறது. சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். முன்னால் குழிகள் செதுக்கிய ஒரு பலகை, நம் பல்லாங்குழி மாதிரியே. மக்கள் சூதாட்டத்தில் அழியாமலிருக்க அந்த விளையாட்டை அவர் கற்றுக்கொடுத்தார் என்பது கதை. சிற்பம் செதுக்கப்பட்டது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் என்று கணிக்கிறார்கள். ஆக, அதைச் செதுக்கியவர் ஷ்யாமைப் பார்த்தவரில்லை. நூறு, நூற்றைம்பது வருடம் கழித்து ஷ்யாமை மக்கள் எப்படி நினைவில் வைத்திருந்தார்கள் என்பதுதான் அந்த மரத்தில் இருக்கிறது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் கீழே வருவதில் பாதி புரிந்துவிடும்.

5. 'தலைக்குள் செய்தித்தாள்' என்று யாரோ அவரிடம் சொன்னார்களாமே, அது என்ன கதை?

1953 பிப்ரவரி. வான்சினாவுக்கு 23 வயது. ம்போப் லூயி என்ற குபா மனிதரோடு பேசிக்கொண்டிருக்கிறார். எங்களுக்கும் பழைய காலம் தெரியும், எங்கள் செய்தித்தாள்களை நாங்கள் தலைக்குள் சுமக்கிறோம் என்கிறார் ம்போப். சொல்லிவிட்டு, சான்றாகச் சில சிறு பாடல்களையும் சொல்லிக்காட்டுகிறார்.

அதைக் கேட்டதும் வான்சினாவுக்கு லூவெனில் படித்த லத்தீன் இரங்கற்பாக்கள் நினைவுக்கு வருகின்றன. அவையும் முதலில் வாயில் இருந்தவைதானே? ஒரு துறவி எப்போதோ எழுதிவைத்ததால் நமக்குச் சான்றாகிவிட்டன. அப்படியானால் இந்தக் குபா பாடலும் ஒரு பனுவல்தான். இடைக்காலப் பனுவலுக்குப் போடும் அதே கேள்விகளை இதற்கும் போடலாம், தேறினால் ஏற்கலாம், தேறாவிட்டால் தள்ளலாம். தன் வாழ்க்கையையும் துறையின் வளர்ச்சியையும் சேர்த்து 1994இல் எழுதிய நூலில் இந்தக் கணத்தை அவரே விவரித்திருக்கிறார். முறையை வகுத்தவர் வான்சினா, சரி. ஆனால் கதவைத் திறந்துவிட்டவர் ம்போப் லூயி என்று நான் எப்போதும் சேர்த்தே சொல்வேன்.

6. வாய்மொழி மரபு என்றால் எங்கள் பாட்டி சொன்ன கதைகூட அதில் வருமா?

பாட்டி எதைச் சொன்னார் என்பதைப் பொறுத்தது. தன் கண்ணால் பார்த்த புயலைச் சொன்னால் அது நேரடி நினைவு, அவரே சாட்சி. தன் பாட்டியிடம் கேட்ட பஞ்சத்தைச் சொன்னால் அது மரபு. ஒரு தலைமுறையாவது தாண்டி வந்திருக்க வேண்டும் என்பது வான்சினா வைத்த எல்லைக்கோடு.

மரபிலும் அவர் வகை பிரித்தார். பாட்டு, மந்திரம், பட்டப்பெயர் போன்றவற்றில் சொல்லே முக்கியம், ஒரு சொல்லை மாற்றினால் ஓசை கெடும், கேட்பவர் கண்டுபிடித்துவிடுவார். கதையில் அப்படியில்லை. கரு நிற்கும், சொல் ஒவ்வொரு முறையும் புதிது. முதல் வகையில் அர்த்தம் புரியாமல் போனாலும் பழைய சொல் தப்பிப் பிழைத்திருக்கும். இரண்டாவதில் எல்லாம் நன்றாகப் புரியும், ஆனால் சொல்பவரின் காலம் உள்ளே புகுந்திருக்கும்.

7. வாய்க்கு வாய் மாறுகிற விஷயத்தை எப்படி நம்புவது? மூன்று பேரைத் தாண்டினாலே கதை மாறிவிடுகிறதே?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். வான்சினா நம்பச் சொல்லவில்லை, சோதிக்கச் சொன்னார். முதலில் பார்த்தவர் ஒருவர், அவரிடம் கேட்டவர், அவரிடம் கேட்டவர் என்று ஒரு சங்கிலி. கடைசிக் கண்ணிதான் நம் எதிரில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். யாரிடம் கேட்டீர்கள், எப்போது, எந்தச் சடங்கில், இதைச் சொல்ல உங்களுக்கு உரிமை எப்படி வந்தது என்று அந்தச் சங்கிலியைப் பின்னோக்கித் தடவிப்போக வேண்டும்.

அடுத்தது, இதைச் சொல்வதால் யாருக்கு லாபம்? அரசனின் அவையில் சொல்லப்படும் வம்ச வரலாறு அரசனுக்குச் சாதகமாகத்தான் இருக்கும். அதே சம்பவத்தைத் தோற்ற குலம் எப்படிச் சொல்கிறது என்று போய்க் கேட்க வேண்டும். வம்சத்துக்கு அவமானமான ஒரு செய்தியை அந்த வம்சமே காப்பாற்றி வைத்திருந்தால், அதற்கு மதிப்பு கூடுதல்.

குபா குலங்களில் ஒரு வழக்கம் உண்டு. குல வரலாற்றைப் பொதுவில் சொல்வதற்கு முன் பெரியவர்கள் தனியாகக் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். பிறகு ஒருவர் சொல்ல மற்றவர்கள் ஆமோதிப்பார்கள். பத்துப் பேர் தலையாட்டினாலும் அது ஒரே சாட்சியம்தான். எழுத்து ஆவணத்திலும் இப்படித்தானே? ஒரே ஏட்டைப் பார்த்து எழுதிய பத்துப் பிரதிகளைப் பத்துச் சான்றாக யாரும் எண்ணுவதில்லை.

8. களத்தில் அவர் அன்றாடம் என்னதான் செய்வார்?

முதல் வேலை மொழி. புஷோங் மொழியைக் கற்று, 1959இல் அதற்கு ஒரு இலக்கண வரைவே வெளியிட்டார். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பாட்டின் சொல்லைச் சோதிக்க முடியாது, அதனால் இது வேறு வழியில்லாத வேலை. பிறகு ஊர் ஊராகப் போவது, ஒரே கதையைப் பலரிடம் கேட்பது, கேட்டதைச் சொன்ன மொழியிலேயே எழுதுவது. சுருக்கம் மட்டும் எழுதிவைத்தால் பின்னால் வருபவர் சரிபார்க்க வழியில்லாமல் போய்விடும்.

1957 முதல் 1960 வரை ருவாண்டா, புருண்டியில் வேலை செய்தார். ருவாண்டாவில் உள்ளூர் உதவியாளர்கள் குழுவாகச் சேர்ந்து ஏராளமான கதைகளைப் பதிவு செய்தார்கள். இந்த இரண்டு நாடுகளையும் ஒப்பிட்டு அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பக்கத்துப் பக்கத்து ராஜ்ஜியங்கள், மொழிகளும் நெருங்கியவை. ருவாண்டா அவையில் வம்சாவளி சொல்ல ஒரு கூட்டம், அரச கவிதை பாட ஒரு கூட்டம், ரகசியச் சடங்கு விதிகளைச் சொல் பிசகாமல் மனப்பாடம் வைத்திருக்க ஒரு கூட்டம் என்று ஆட்கள் இருந்தார்கள். புருண்டியில் அப்படி யாரும் இல்லை, பழைய அரசர்களைப் பற்றிய நினைவும் மெலிதாகவே இருந்தது. நினைவாற்றல் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். நினைவைக் காப்பாற்ற வேண்டிய தேவையும் அதற்கான அமைப்பும் ஒரு அவையில் இருந்தன, மற்றதில் இல்லை.

9. தேதியே இல்லாத கதைக்கு ஆண்டு எப்படிப் போடுவது?

பெரிய தலைவலி பிடித்த வேலை. குபாவுக்கு ஒரு நல்ல பிடிமானம் கிடைத்தது. எமில் டோர்டே என்ற ஹங்கேரியப் பயணி 1908 வாக்கில் முஷெங்கேயில் பெரியவர்களை உட்காரவைத்து அரசர் பட்டியலைக் கேட்டுக்கொண்டிருந்தார். போ காமா போமன்காலா என்ற அரசனின் பெயர் வந்தபோது, அவர் காலத்தில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை, ஒருநாள் நடுப்பகலில் சூரியன் அணைந்து சற்று நேரம் இருட்டியதைத் தவிர என்றார்கள். வானியல் கணக்கைப் பார்த்தால், அந்தப் பகுதியில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்த நாள் 1680 மார்ச் 30. பெயர்ப் பட்டியலாக இருந்தது அந்த ஓரிடத்தில் நாட்காட்டியோடு ஒட்டிக்கொண்டது. வான்சினாவும் தன் காலவரிசைக்கு 1680ஐ ஒரு முளைக்குச்சியாக வைத்துக்கொண்டார்.

மற்ற இடங்களில் ஒரு தலைமுறைக்கு இத்தனை வருடம் என்று சராசரி போடுவார்கள். அதில் வழுக்கல் அதிகம். குபாவில் தாய்வழி வாரிசு முறை. அரசனுக்குப் பின் தம்பி, அதன்பின் சகோதரியின் மகன் என்று போகும். மூன்று அரசர்கள் ஒரே தலைமுறையாகவும் இருக்கலாம். பட்டியலின் நீளத்தை வைத்துக் காலத்தின் நீளத்தைச் சொல்லிவிட முடியாது.

10. 'மிதக்கும் இடைவெளி' என்கிறார்களே, எளிமையாகச் சொல்ல முடியுமா?

எந்தச் சமூகத்திலும் பழங்கதையைக் கேட்டுப் பாருங்கள். கடந்த இரண்டு மூன்று தலைமுறை பற்றி நிறையச் சொல்வார்கள். ஆதியில் உலகமும் குலமும் எப்படித் தோன்றின என்பதையும் விரிவாகச் சொல்வார்கள். நடுவில் மட்டும் ஒரு பள்ளம், ஒன்றிரண்டு பெயர்களோடு தாண்டிவிடுவார்கள். சொல்பவர்களுக்கு அந்தப் பள்ளம் தெரிவதே இல்லை. ஆதி மூதாதைக்கு அடுத்தது கொள்ளுத்தாத்தா என்பதுபோல ஒட்டிவிடுவார்கள்.

அந்தப் பள்ளம் ஒரே இடத்தில் நிற்காது. தலைமுறை நகர நகர அதுவும் நகரும். காங்கோ ஆற்றங்கரையின் டியோ மக்களிடையே வான்சினா 1963, 1964இல் வேலை செய்தார். 1880 வாக்கில் அவர்களின் தெளிவான நினைவு சுமார் 1800 வரை எட்டியது, 1960 வாக்கில் அது சுமார் 1880 வரைதான் எட்டியது என்று காட்டினார். நடுவிலிருந்த 80 வருடத்தைப் பள்ளம் விழுங்கிவிட்டது. வாய்மொழி மரபு பற்றி 1985இல் அவர் மறுபடி எழுதிய 'Oral Tradition as History' நூலில் வைத்த இந்தப் பெயரை இன்று நினைவு பற்றிய ஆய்வுகளில், ஆப்பிரிக்காவோடு சம்பந்தமே இல்லாத இடங்களிலும், எடுத்தாளுகிறார்கள்.

11. ஆப்பிரிக்கர்களே தங்கள் வரலாற்றை எழுதவில்லையா? ஏன் ஒரு பெல்ஜியக்காரரைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

எழுதினார்கள், அதுவும் அவருக்கு முன்பே. நைஜீரியாவின் கென்னத் டிக்கே 1950இல் லண்டனில் முனைவர் பட்டம் பெற்றார். நைஜர் கழிமுக வணிகம் பற்றிய ஆய்வு அது, அதில் வாய்மொழிச் செய்திகளையும் பயன்படுத்தினார். பிறகு நைஜீரியாவுக்குத் தேசிய ஆவணக் காப்பகம் அமையக் காரணமாகவும் இருந்தார். கானாவின் அடு போஹென் 1959இல் பட்டம் பெற்றார். கென்யாவின் பெத்வெல் ஒகோட், வான்சினா பிறந்த அதே 1929இல் பிறந்தவர், லுவோ மக்களின் வாய்மொழி மரபை வைத்தே அவர்களின் வரலாற்றை 1967இல் நூலாக்கினார். ருவாண்டாவில் கத்தோலிக்கப் பாதிரியார் அலெக்ஸி ககாமே அரசவைக் கவிதைகளையும் வம்சாவளியையும் சேகரித்துவைக்காமல் போயிருந்தால் பின்னால் வந்தவர்களுக்கு அடித்தளமே இருந்திருக்காது.

வான்சினா பற்றி நான் பேசுவது அவர் முதலாமவர் என்பதற்காக இல்லை. எல்லோரும் கையில் வைத்திருந்த சான்றுக்கு எழுத்தில் விதிமுறை வகுத்துக் கொடுத்தார், அதற்காக. பெல்ஜியக் காங்கோவில் முதல் பல்கலைக்கழகமே 1954இல்தான் திறந்தது என்பதையும் மறக்கக் கூடாது. காங்கோவில் ஒரு டிக்கே உருவாக முடியாமல் போனதற்குக் காரணம் காலனி அரசு.

12. காலனி அரசின் சம்பளத்தில் வேலை செய்தவர்தானே? அதை எப்படிப் பார்ப்பது?

நேராகவே பார்க்க வேண்டும். அவர் போன வண்டி, தங்கிய இடம், கேட்டதும் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தது, எல்லாவற்றுக்கும் பின்னால் காலனி அதிகாரம் இருந்தது. 7ஆம் பதிலில் சொன்ன 'யாருக்கு லாபம்' என்ற கேள்வி கேட்பவருக்கும் பொருந்தும். வெள்ளைக்காரர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து வம்ச உரிமை பற்றிக் கேட்டால், பதில் அரசாங்கத்துக்குப் போகும் என்று நினைத்தே ஒருவர் சொல்லக்கூடும்.

குபா மக்கள் காலனி ஆட்சியை எப்படி அனுபவித்தார்கள் என்பதையே அவர் 2010இல் தனி நூலாக எழுதினார். மக்களைக் கட்டாயப்படுத்திக் காட்டு ரப்பர் சேகரிக்கவைத்த ரப்பர் கொள்ளை, 1904இல் குபாவினரின் கிளர்ச்சி எல்லாம் அந்தக் காலத்தில் நடந்தவை. அங்கிருந்த கறுப்பின அமெரிக்கப் பாதிரியார் வில்லியம் ஷெப்பர்டு இந்தக் கொடுமையை எழுதியதற்காக ரப்பர் நிறுவனம் வழக்குப் போட்டு, 1909இல் அவர் விடுதலையானார். இந்த நூலை எழுதியபோது வான்சினாவுக்கு 80 வயது. இன்னும் முன்னதாகவே எழுதியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

13. அமெரிக்காவுக்கு ஏன் போனார்?

விஸ்கான்சினில் பிலிப் கர்டின் என்ற வரலாற்றாய்வாளர் ஆப்பிரிக்க வரலாற்றுக்கென்று ஒரு ஆய்வுத் திட்டத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் அழைத்து 1960இல் போனார். அந்த நேரத்தில் அமெரிக்காவில் பணமும் இருந்தது. சோவியத் போட்டி பயத்தில் 1958இல் கொண்டுவந்த கல்விச் சட்டம் பிறநாட்டு மொழிகளுக்கும் வட்டார ஆய்வுகளுக்கும் நிதி ஒதுக்கியது. இடையில் காங்கோவின் லோவானியம் பல்கலைக்கழகத்துக்கும் பாடம் நடத்தப் போய்வந்தார். 1994இல் ஓய்வு பெற்றார்.

14. 'ரூட்ஸ்' எழுதிய அலெக்ஸ் ஹேலிக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

ஹேலி கறுப்பின அமெரிக்க எழுத்தாளர்; தன் குடும்பத்தின் வேரைத் தேடி அவர் எழுதிய நூல் 'ரூட்ஸ்'. அவர் குடும்பத்தில், அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒரு மூதாதையின் சில சொற்கள் வாய்வழியாக வந்திருந்தன. 'கோ' என்று ஒரு இசைக்கருவி, 'காம்பி போலோங்கோ' என்று ஒரு ஆறு. ஹேலி மேடிசனுக்கு வந்து வான்சினாவிடம் அவற்றைச் சொன்னார். இரவெல்லாம் பேச்சு. வான்சினா மற்றொரு அறிஞரோடும் கலந்தாலோசித்துவிட்டு, மறுநாள், இவை மண்டிங்கா மொழிச் சொற்களாக இருக்கலாம், ஆறு காம்பியா ஆறாக இருக்கலாம், 'கோ' என்பது கோரா என்ற நரம்புக் கருவியாக இருக்கலாம் என்றார். இதை ஹேலியே 1976இல் வந்த தன் நூலின் கடைசியில் எழுதியிருக்கிறார்.

அதற்குப் பின் நடந்ததுதான் பாடம். ஹேலி காம்பியாவின் ஜூஃபுரே கிராமத்துக்குப் போனபோது ஒரு பெரியவர் வம்ச வரலாறு சொல்லி, அதில் அந்த மூதாதையின் பெயரும் வந்தது. டொனால்டு ரைட் என்ற ஆய்வாளர் பிறகு அங்கே போய் விசாரித்து 1981இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பெரியவர் மரபுவழி வம்சக் கதைசொல்லி இல்லை, ஹேலி எதைத் தேடி வருகிறார் என்பது முன்கூட்டியே அங்கே தெரிந்திருந்தது என்று காட்டினார். 7ஆம் பதிலில் சொன்ன சங்கிலியைப் பின்னோக்கித் தடவியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

15. அவர் வகுப்பில் படித்தவர்களே அவரை எதிர்த்து எழுதினார்களாமே?

ஆமாம், அதுவும் கடுமையாக. விஸ்கான்சினில் முனைவர் பட்டம் பெற்ற டேவிட் ஹெனிகி 1974இல் ஒரு நூலில், வாய்மொழி அரசர் பட்டியல்களை வைத்து ஆண்டு போடுவது கானல்நீரைத் துரத்தும் வேலை என்று வாதிட்டார். பட்டியல்கள் நீட்டப்படும், சுருக்கப்படும். அச்சுப் புத்தகத்தில் வந்த செய்தி ஊருக்குள் நுழைந்து, அடுத்த தலைமுறையில் பழைய மரபு போலவே திரும்பி வரும் என்று எடுத்துக்காட்டுகளைக் குவித்தார். அதே வருடம் ஆப்பிரிக்க வரலாற்று ஆய்வுமுறைக்கென்றே ஒரு இதழையும் தொடங்கினார். ரைட்டின் கட்டுரை வந்தது அதில்தான்.

எதிர்ப் பக்கத்திலிருந்து லுக் டி ஹூஷ் என்ற பெல்ஜிய மானிடவியலாளர் வந்தார். வெளியூர் வேட்டைக்காரன் வந்து அரசனாவது, குடிகார அரசன், இரட்டையர்கள் என்று மத்திய ஆப்பிரிக்கத் தோற்றக் கதைகளில் ஒரே அச்சு திரும்பத் திரும்ப வருகிறது. இவை தொன்மங்கள், இவற்றில் சம்பவத்தைத் தேடாதே என்றார். வான்சினா 1983இல் எழுதிய பதில் கட்டுரையின் தலைப்பே 'அழகாக இருந்தால் நிரூபணம் ஆகிவிடுமா?' என்று கேட்டது. ஆனால் இரண்டு பக்க விமர்சனத்தையும் அவர் தலையில் ஏற்றிக்கொண்டார் என்பது 1985 நூலைப் படித்தால் தெரியும். 1961இல் மரபைத் தோண்டினால் மூலச் செய்தி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. 1985இல், மரபு ஒவ்வொன்றும் பழைய காலமும் நிகழ்காலமும் கலந்தது, இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று எழுதினார்.

16. கதை சொல்லவே ஆள் இல்லாத, ஆயிரக்கணக்கான வருடம் முந்தைய காலத்துக்கு என்ன செய்வார்?

சொற்களைப் பிடித்துக்கொண்டு போவார். மத்திய ஆப்பிரிக்க மழைக்காட்டின் வரலாற்றை 1990இல் எழுதியபோது அப்படித்தான் செய்தார். பாண்டு என்ற பெரிய ஆப்பிரிக்க மொழிக்குடும்பத்தின் மொழிகள் பலவற்றில் தலைவனைக் குறிக்க 'குமு' என்ற வேரிலிருந்து வந்த சொல் இருக்கிறது. ஓரிடத்தில் 'ம்ஃபுமு', இன்னோரிடத்தில் 'குமு'. ஒலி மாறியிருக்கும் விதம் அந்தந்த மொழியின் விதிப்படி ஒழுங்காக இருந்தால், அந்தச் சொல் மொழிகள் பிரிவதற்கு முன்பே இருந்தது என்று பொருள். சொல் இருந்தால் அப்படி ஒரு ஆளும் இருந்திருக்க வேண்டும். இரவல் சொல்லானால் ஒலிமாற்றம் விதிக்குள் அடங்காது, காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படி வீடு, ஊர், வட்டாரம், பயிர், வலை, படகு என்று நூற்றுக்கணக்கான சொற்களைச் சேர்த்து, காட்டுக்குள் வாழ்ந்தவர்கள் மாற்றமே இல்லாத ஆதிவாசிகள் என்ற பழைய எண்ணத்தை உடைத்தார். சொற்களின் மாற்ற வேகத்தை வைத்து அவர் கணக்கிட்ட ஆண்டுகளை எல்லா மொழியியலாளர்களும் ஏற்பதில்லை. எது முன், எது பின் என்ற வரிசையில்தான் இந்த முறைக்குப் பலம்.

17. ருவாண்டா விஷயத்தில் அவர் சொன்னது ஏன் அவ்வளவு சர்ச்சையானது?

11ஆம் பதிலில் வந்த பாதிரியார் ககாமே அரசர் பட்டியலை நம்பி ருவாண்டா ராஜ்ஜியத்தின் தொடக்கத்தை 10, 11ஆம் நூற்றாண்டுகளுக்குக் கொண்டுபோயிருந்தார். 1950களில் பதிவான கதைகளை மறுபடி எடுத்துப் படித்த வான்சினா, 2001இல் பிரெஞ்சில் வந்த நூலில் வேறு முடிவு சொன்னார். ராஜ்ஜியத்தை நிறுவியவர் ருகன்சு ந்தோரி, காலம் 17ஆம் நூற்றாண்டு, அவருக்கு முந்தைய பெயர்களை வரலாறாக ஏற்க முடியாது என்றார். அரச மரபே தன் பழமையை நீட்டிக்கொண்டது என்பது இதன் பொருள்.

இன்னும் கனமானது அடுத்தது. ருவாண்டா மக்களிடையே உள்ள ஹூட்டு, டுட்சி என்ற பிரிவினை காலனி ஆட்சி வந்து உண்டாக்கியது என்பது பரவலான பேச்சு. அது முழு உண்மையில்லை, 19ஆம் நூற்றாண்டிலேயே, குறிப்பாக அரசன் ர்வாபுகிரியின் காலத்தில் 'உபுரேத்வா' என்ற கட்டாய வேலை ஹூட்டு உழவர்கள்மேல் சுமத்தப்பட்டபோதே, அந்தப் பிளவு கூர்மையாகிவிட்டது என்று அவர் வாதிட்டார். காலனி அதிகாரிகள் அதை இறுக்கி அடையாள அட்டையில் ஏற்றினார்கள். டுட்சிகள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்ட 1994 இனப்படுகொலைக்குப் பிறகு இதை எழுதுவது நெருப்பில் கை வைப்பது போன்றது. பழைய ருவாண்டாவில் ஒற்றுமை மட்டுமே இருந்தது என்று சொல்ல விரும்புகிறவர்களுக்கு இது பிடிக்கவில்லை. கதைகள் சொன்னதை அவர் மறைக்கவில்லை, அதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு.

18. அவரே தப்பு செய்ததில்லையா?

செய்தார், திருத்தியும் கொண்டார். ஆரம்பத்தில், குபா மக்கள் மேற்கிலிருந்து, கடற்கரைப் பக்கமிருந்து வந்தவர்கள் என்ற மரபை ஓரளவு அப்படியே எடுத்துக்கொண்டார். 1978இல் குபா பற்றி மறுபடி எழுதியபோது அதைக் கைவிட்டார். மொழிச் சான்று வடக்கே மோங்கோ மொழிகளைக் காட்டியது. ஆறு ஓடும் பக்கம், ஆறு வரும் பக்கம் என்று கதைகள் சொல்வது குபா மக்களின் உலகப் பார்வையில் புனிதமான திசைகள், வழிகாட்டிப் பலகை இல்லை என்பதும் அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. ஷ்யாம்தான் எல்லாவற்றையும் கொண்டுவந்தார் என்பதும் (4ஆம் பதிலைப் பாருங்கள்) அப்படித்தான்: பல தலைமுறையில் நடந்ததை மக்கள் ஒரு பெயரின்மேல் ஏற்றிவிட்டார்கள். தான் எழுதியதைத் தானே மறுத்துத் திரும்ப எழுத 25 வருடம் ஆனது.

19. எல்லாம் படிக்க நேரமில்லை. ஒன்றே ஒன்று படிக்கலாம் என்றால் எது?

ஆய்வு செய்யப் போகிறவர் என்றால் 1985 நூல். மெல்லிய புத்தகம்தான், ஆனால் வேகமாகப் படிக்க முடியாது. ஒவ்வொரு பத்தியிலும் எங்கோ ஓர் ஊர்க்கதை சான்றாக வந்து நிற்கும். 1961 நூலை முதலில் எடுக்காதீர்கள். அவரே தாண்டி வந்துவிட்ட இடம் அது.

ஆய்வு நோக்கம் இல்லை, ஆளைத் தெரிந்துகொண்டால் போதும் என்பவருக்கு 1994இல் வந்த வாழ்க்கைக் கணக்கு, 'Living with Africa'. அதில் ம்போப் லூயி பேசும் பக்கத்தைத் தேடிப் படித்துவிட்டு, வீட்டில் இருக்கும் வயதானவரிடம் போய் உட்காருங்கள். அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதுங்கள். ஓரத்தில் தேதியும், யாரிடம் கேட்டதாகச் சொன்னார் என்பதும் இருக்கட்டும்.